உலாவியும் பொருந்தாத செருகுநிரலும்

கல்வி கற்பார்க்குக் கணினி இன்றியமையாத கருவியாகிவிட்ட இந்நாளில், அக்கருவி நாம் ஏவியதைச் செய்யாது வாளா இருக்குமாயின் நமக்கு உண்டாகும் சோர்வு சிறிதன்று. அச்சோர்வினும் கொடியது, காரணம் இன்னதென்று அறியாமலே கைக்கு வந்ததையெல்லாம் செய்து பார்க்கும் ஆத்திரம். நோய் யாதென்று உணராது கடையிலுள்ள மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக உண்பவனுக்கு முன்னிருந்த நோயோடு புதிய நோயும் சேர்வது போல, இவ்வாறு செய்வார்க்கும் முன்னிருந்த குறையோடு வேறு பல குறைகளும் வந்து சேர்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தில் உலாவிக்குச் செருகுநிரல் அமைக்கும் காரியத்தில் இவ்வுண்மையை யாம் பலமுறை கண்டிருக்கின்றோம். ஆதலின் அதுபற்றிச் சில செய்திகளை நம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, பௌதிகம் பயிலும் மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியைக் கையிலேந்தி எம்மிடம் வந்தார். முகத்தில் உறக்கமின்மை தெரிந்தது. "ஐயா, நான்கு இரவுகளாக முயல்கின்றேன், ஒன்றும் பலிக்கவில்லை. நாளை மறுநாள் வகுப்பில் அலைகளைப் பற்றி நான் பேசவேண்டும்" என்றார். விஷயம் இதுதான். பல ஆண்டுகட்கு முன் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், அலைகள் ஒன்றோடொன்று கலக்கும் வகையை அசையும் படங்களாகத் தம் கையாலேயே அமைத்து, குறுந்தகடு ஒன்றிற் பதிந்து, துறைக்கு அளித்துச் சென்றிருந்தார். அத்தகட்டிலுள்ள பக்கத்தை உலாவியில் திறந்தால், படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்கட்டம் ஒன்றும், "இப்பாடத்தைக் காணச் செருகுநிரல் வேண்டும், இங்கே அழுத்திப் பெறுக" என்னும் வாசகமுமே காணப்பட்டன.

மாணவர் அவ்வாசகத்தை நம்பி அழுத்தினார், பயனில்லை. பின்னர் வலையில் தேடி, எங்கோ ஓரிடத்தில் பழைய கோப்பொன்றைப் பெற்று ஓர் அடைவில் இட்டார். அது பலியாமற் போகவே வேறோர் அடைவில் இட்டார். அதன்பின் கோப்புகளின் உரிமைகளையெல்லாம் யாவரும் படிக்கலாம், யாவரும் எழுதலாம் என்னுமாறு திறந்துவிட்டார். ஈற்றில், முன்பின் அறியாத ஒருவர் எழுதிவைத்த நீண்ட கட்டளையொன்றைத் தலைமைப் பயனரின் கடவுச்சொல்லிட்டு இயக்கவும் இருந்தார். நல்வினைப் பயனாக அதற்குமுன் எம்மிடம் வந்தார்.

யாம் அவரை முதற்கண் வினவியது ஒன்றே: "தம்பி, செருகுநிரல் வேண்டும் என்று உம்மிடம் கூறியவர் யார்?" அவர் வியப்புற்று, "கணினிதான், ஐயா" என்றார். இவ்விடையிலேயே அவர் கழித்த நான்கு இரவுகளின் வரலாறும் அடங்கியிருந்தது. அஃது எங்ஙனம் என்று விளக்கப் புகுமுன், செருகுநிரல் என்பது யாதென்று சிறிது காண்போம்.

செருகுநிரல் இன்னதென்பது

உலாவி என்பது, உலகெங்குமுள்ள வழங்கிகளிலிருந்து பக்கங்களைக் கொணர்ந்து நமக்குக் காட்டும் நிரல். தொடக்க காலத்தில் அஃது எழுத்தையும் நிலையான படத்தையுமே காட்டவல்லதாயிருந்தது. ஒலியும் அசையும் படமும் வேண்டப்பட்டபோது, அவற்றையெல்லாம் உலாவியினுள்ளேயே அமைப்பதைக் காட்டிலும், பிறர் ஆக்கிய நிரலை உலாவியோடு இணைத்துக்கொள்வது எளிதெனத் தோன்றிற்று. 1995-96-ஆம் ஆண்டுகளில் நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு இதற்கென ஓர் இணைப்பு முறையை வகுத்தது. பிற உலாவிகள் பலவும் அதனை மேற்கொண்டன. அம்முறைப்படி அமைந்து, உலாவியின் உள்ளே சென்று பொருந்தும் அயலார் நிரலையே செருகுநிரல் என்கிறோம். பிளாஷ், ஜாவா என்பன இவ்வகையில் பெரிதும் பெயர்பெற்றவை.

இவ்வேற்பாட்டில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் ஒருங்கே இருந்தன. வீட்டிற்கு வேண்டிய வேலையை வெளியாள் ஒருவன் வந்து செய்து தருவது நன்மை. ஆனால் அவனிடம் வீட்டுச் சாவிகள் அனைத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்பது தீமை. செருகுநிரல், கணினிப் பயனர்க்குள்ள உரிமைகள் யாவற்றையும் தானும் பெற்று இயங்கிற்று. ஆகவே, அதில் ஒரு சிறு பழுது இருப்பினும், தீயோர் அமைத்த பக்கம் ஒன்றைத் திறந்த மாத்திரத்தில் நம் கோப்புகள் அனைத்தும் அவர் கைக்கு எட்டுவனவாயின. செருகுநிரல் பரவியதற்கும் பிற்காலத்தில் அது மறைந்ததற்கும் இவ்வொரு தன்மையே காரணம்.

பழைய நாளிற் பார்க்கப்பெற்ற பொருத்தங்கள்

மணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார் உளர். லினக்ஸில் செருகுநிரலுக்கு மூன்று பொருத்தம் பார்த்தல் போதியதாயிருந்தது. அவை இடப்பொருத்தம், இனப்பொருத்தம், துணைப்பொருத்தம் என்பன. இவற்றை இன்று அறிவதாற் பயன் என்னையெனின், செருகுநிரல் மறைந்தபோதிலும் இம்மூன்றும் மறைந்தில. வேறு உருவில் இன்றும் நம்மை வருத்துகின்றன.

முதலாவது இடப்பொருத்தம். உலாவி தான் தேடும் அடைவுகளில் மட்டுமே செருகுநிரலைத் தேடும். ஒரு பயனர்க்கு மட்டும் வேண்டுமாயின், அவருடைய இல்ல அடைவில் 'மொசில்லா' என்னும் அடைவுக்குள் 'பிளகின்ஸ்' என்னும் அடைவில் கோப்பை இடவேண்டும். அந்த மொசில்லா அடைவின் பெயர் ஒரு புள்ளியோடு தொடங்குவது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை லினக்ஸ் சாதாரணமாகக் காட்டுவதில்லை. குனோம் மேசைத்தளத்தின் கோப்பு மேலாளியில் கண்ட்ரோல் விசையோடு 'ஹெச்' விசையை அழுத்தினாலன்றி அவை புலப்படா. இதனை அறியாதார், அடைவே இல்லையென்று எண்ணிப் புள்ளியில்லாத பெயருடன் புதியதொன்றை ஆக்கி, அதனுள் கோப்பை இட்டுக் காத்திருப்பர். உலாவியோ அப்பக்கம் திரும்பியும் பாராது. யாவர்க்கும் பொதுவாக அமைக்குமிடத்தும், உபுண்டுவில் ஓர் அடைவும், 64 பிட் பெடோராவில் 'லிப்64' என்னும் வேறோர் அடைவும் எனக் குடும்பத்திற்குக் குடும்பம் வேறுபாடு உண்டு.

இரண்டாவது இனப்பொருத்தம். 64 பிட் உலாவிக்குள் 32 பிட் நிரல் நேரே புகாது. அடோபி நிறுவனம் லினக்ஸுக்குரிய 64 பிட் பிளாஷின் முழுமையான பதிப்பை 2011 அக்டோபரில்தான் வெளியிட்டது. அதுகாறும் இரண்டிற்கும் இடையே துபாஷி போன்று நின்ற வேறொரு நிரலைக் கொண்டு பலர் காலங்கழித்தனர். இப்பொருத்தம் இல்லாதபோது, "தவறான எல்ப் வகை" என்னும் பொருள்படும் ஆங்கில வாசகம் முனையத்தில் தோன்றும். எல்ப் என்பது லினக்ஸில் இயங்கும் நிரற்கோப்பின் அமைப்புக்குப் பெயர். 'பைல்' என்னும் கட்டளையோடு கோப்பின் பெயரை இட்டால், அஃது எவ்வினத்தது என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

மூன்றாவது துணைப்பொருத்தம். எந்நிரலும் தனித்து இயங்குவதன்று. பல நிரல்கள் பொதுவாக எடுத்தாளும் நிரலகங்கள் சிலவற்றை அது நாடி நிற்கும். அவற்றுள் ஒன்று இல்லையெனினும் செருகுநிரல் பொருந்தாது. 'எல்டிடி' என்னும் கட்டளை, ஒரு நிரல் நாடும் நிரலகங்களை வரிசையாகக் கூறி, இல்லாதவற்றின் எதிரே "காணப்படவில்லை" என்று எழுதிக் காட்டும். அவ்வொரு நிரலகத்திற்குரிய பொதியை நிறுவினால் குறை நீங்கும்.

செருகுநிரல்களின் மறைவு

நிற்க. மேற்கூறிய மூன்று பொருத்தமும் குறைவற அமைந்திருந்தும் நம் மாணவருடைய கோப்பு பொருந்தவில்லை. ஏன்? மணமகனே ஊரில் இல்லாதபோது பொருத்தம் பார்த்து என் பயன்? அவருடைய உலாவியில் செருகுநிரலை ஏற்கும் முறையே அகற்றப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வகற்றுதல் ஒருநாளில் நிகழ்ந்ததன்று. அடோபி 2012-ஆம் ஆண்டிலேயே, லினக்ஸில் பழைய இணைப்பு முறைக்குரிய பிளாஷ் 11.2-ஆம் பதிப்போடு நின்றுவிடும் என்றும், அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களே வெளிவரும் என்றும் அறிவித்தது. 2016-இல் அம்முடிவை மாற்றி மீண்டும் புதிய பதிப்புகளை வெளியிட்டது. இதற்கிடையே கூகிளின் குரோம் உலாவி, 2014-இல் வெளிவந்த 35-ஆம் பதிப்பிலேயே, லினக்ஸில் அப்பழைய முறையைக் கைவிட்டது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் வெளிவந்த 52-ஆம் பதிப்பில் பிளாஷ் ஒன்றைத் தவிர ஏனைய செருகுநிரல்களை விலக்கிற்று. ஜாவாவின் செருகுநிரல் 2018-இல் வந்த 11-ஆம் பதிப்போடு நீக்கப்பட்டது. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி பிளாஷுக்கு ஆதரவளிப்பதை நிறுத்திற்று. 2021 ஜனவரி 12 முதல், அந்நிறுவனத்தின் பிற்காலப் பதிப்புகள் தாமே இயங்க மறுத்தன. அதே ஜனவரியில் வெளிவந்த பயர்பாக்ஸ் 85-ஆம் பதிப்பில் பிளாஷுக்கும் இடமில்லாதாயிற்று.

எனவே, மாணவர் பெற்ற கோப்பு உண்மையானதே யாயினும், அதனை எவ்வடைவில் இடினும், உரிமைகளை எவ்வாறு மாற்றினும், தலைமைப் பயனராகவே நின்று கட்டளையிடினும், அது பொருந்தியிராது. முயற்சியிற் குறைவில்லை, வினாவிலேதான் குறை இருந்தது.

வாசகம் யாருடையது?

இனி, யாம் வினவிய வினாவுக்கு வருவோம். திரையிற் காணும் வாசகங்களையெல்லாம் 'கணினி கூறுகிறது' என்று கொள்ளுதல் பெரும் பிழை. உலாவியின் முன் அமர்ந்திருக்கும் நம்மிடம் மூவர் பேசுகின்றனர்: பக்கம், உலாவி, இயங்குதளம்.

பக்கத்தின் சொல், பக்கத்தின் எல்லைக்குள், பக்கத்திற்குரிய எழுத்திலும் வண்ணத்திலும் தோன்றும். அது பக்கத்தை ஆக்கியவர் என்றோ எழுதிவைத்த சொல். "செருகுநிரல் வேண்டும்" என்று மாணவர் கண்ட வாசகம் அந்த ஆசிரியர் தம் பாடத்தை அமைத்த நாளில் எழுதியது. அன்று அது மெய். இன்று அது பழைய கடிதம். எழுதியவர் குடிபெயர்ந்து போனபின், அக்கடிதத்திற் கண்ட முகவரியைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தாற்போல மாணவர் அலைந்திருக்கின்றார்.

உலாவியின் சொல், முகவரிப் பட்டையின் அருகிலோ, அதற்கெனவுள்ள தனிப்பக்கங்களிலோ தோன்றும். பயர்பாக்ஸில் 'அபவுட்' என்னும் சொல்லையும் முக்காற்புள்ளியையும் 'சப்போர்ட்' என்பதையும் இடைவெளியின்றி முகவரிப் பட்டையில் இட்டால், உலாவியின் பதிப்பு, அது நிறுவப்பட்ட இடம், அதன் தன்விவரக் கோப்புகள் இருக்கும் அடைவு, நிறுவப்பட்ட நீட்சிகள் ஆகிய யாவும் ஒரே பக்கத்தில் வெளிப்படும். கண்ட்ரோல், ஷிப்ட் விசைகளோடு 'ஜே' விசையை அழுத்தினால், உலாவி தனக்குள் முணுமுணுத்துக்கொள்ளும் பிழைகளையும் காணலாம்.

இயங்குதளத்தின் சொல் எளிதில் நம் கண்ணிற்படுவதன்று. உலாவியைப் படவுருவை அழுத்தித் திறவாமல், முனையத்தில் அதன் பெயரை எழுதித் திறப்போமாயின், நிரலகம் காணப்படவில்லை, அனுமதி இல்லை, இனம் வேறு என்பன போன்ற சொற்கள் அங்கே வந்து விழும்.

இம்மூவருள் பேசுபவர் யாரென்று துணிந்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

இக்காலத்து நீட்சிகள்

செருகுநிரல் மறைந்தபின் அதன் இடத்தை இரண்டு வகையாக நிரப்பினர். அசையும் படம், ஒலி முதலியவற்றை உலாவி தானே காட்டக் கற்றுக்கொண்டது ஒன்று. உலாவியின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு, கேட்டுப் பெற்ற அனுமதிகளோடு மட்டும் இயங்கும் நீட்சி மற்றொன்று. 2017 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57-ஆம் பதிப்பு முதல், குரோமின் முறையைப் பெரிதும் ஒத்த நீட்சி முறையொன்றே அவ்வுலாவியில் வழங்குகிறது. பொதுமக்கள் இன்றும் நீட்சியைச் 'செருகுநிரல்' என்றே கூறுகின்றனர், அதனாற் குற்றமில்லை. ஆனால் நிறுவுதல் தடைப்படும்போது இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். நீட்சிகள் பொருந்தாமைக்கு லினக்ஸில் யாம் கண்ட காரணங்கள் பின்வருமாறு.

முதலாவது, உலாவி இரண்டாக இருத்தல். ஒரே கணினியில் பொதியாக வந்த பயர்பாக்ஸ் ஒன்றும், பயனர் தாமே இறக்கிக்கொண்ட பயர்பாக்ஸ் ஒன்றும் இருப்பதுண்டு. ஒன்றில் நிறுவிவிட்டு மற்றொன்றிற் றேடுவார் பலர். மேற்கூறிய 'சப்போர்ட்' பக்கம் இவ்வையத்தை நொடியில் தீர்க்கும்.

இரண்டாவது, உலாவி வேலிக்குள் இருத்தல். இது புதியது, ஆதலின் சிறிது விரித்துக் கூறுவோம். முன்னாளில் உலாவி பிற நிரல்களைப் போலவே இயங்குதளத்தின் பொதுவெளியில் நிறுவப்பட்டது. இன்றோ, ஸ்னாப், பிளாட்பேக் என்னும் முறைகளில், தனக்கு வேண்டியவற்றையெல்லாம் தன்னுடன் கொணர்ந்து, வேலியிட்ட தோட்டத்துள் இருப்பதுபோல் இயங்குகிறது. உபுண்டுவில் 2021 அக்டோபர்ப் பதிப்பு முதல் பயர்பாக்ஸ் ஸ்னாப் முறையிலேயே முதற்கண் அமைந்து வருகிறது. அவ்வுலாவியின் தன்விவரக் கோப்புகள் பழைய மொசில்லா அடைவில் இரா. இல்ல அடைவிலுள்ள 'ஸ்னாப்' என்னும் அடைவுக்குள் இருக்கும். பிளாட்பேக் முறையிலோ, 'வார்' என்னும் மறைவு அடைவுக்குள் இருக்கும். பழைய குறிப்புகளைப் படித்துப் பழைய அடைவில் எதனை இட்டாலும், வேலிக்குள் இருக்கும் உலாவிக்கு அது புலப்படாது. முன்னாளைய இடப்பொருத்தமே இன்று இவ்வுருவெடுத்து நிற்கிறது.

மூன்றாவது, துணைவன் இன்மை. நீட்சிகள் சில தாமே முழுமையானவை. வேறு சிலவோ கணினியிலுள்ள மற்றொரு நிரலோடு பேசவேண்டியவை. குனோம் மேசைத்தளத்தின் தோற்றத்தையும் தொழிலையும் மாற்றும் துணைகளை உலாவியின் வாயிலாகப் பெறுவது இதற்கு எடுத்துக்காட்டு. 2011-இல் இது தொடங்கியபோது ஒரு செருகுநிரலே இவ்வேலையைச் செய்தது. செருகுநிரல்கள் விலக்கப்பட்டபின், உலாவியில் ஒரு நீட்சியும், கணினியில் ஒரு துணைவனும் ஆக இரண்டும் வேண்டியவாயின. பலர் நீட்சியை மட்டும் நிறுவிவிட்டு, "நிறுவியும் இயங்கவில்லை" என்பர். அந்நிலையில் உலாவியின் பிழைப்பட்டியைப் பார்த்தால், "அத்தகைய நிரல் இல்லை" என்னும் பொருள்பட ஒரு வரி இருக்கும். டெபியன், உபுண்டு ஆகிய குடும்பங்களில் இத்துணைவனின் பொதி முன்னர் 'குரோம் குனோம் ஷெல்' என்னும் பெயரோடு வழங்கிற்று. பயர்பாக்ஸ் வைத்திருப்போர், 'குரோம் நமக்கு எதற்கு?' என்று அதனை ஒதுக்கிவிட்டு இடர்ப்பட்டனர். 2022 முதல் அது 'குனோம் பிரௌசர் கனெக்டர்' என்னும் தகுந்த பெயர் பெற்றுள்ளது. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழியினதே. ஆதலின் அக்குடும்பத்திற்குரிய முறைகள் அதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

துணைவன் இருந்தும் இயங்காமல் இருப்பதும் உண்டு. நீட்சிக்கும் துணைவனுக்கும் நடுவே அறிமுகக் கடிதம் போன்ற சிறு கோப்பொன்று இருக்கவேண்டும். துணைவனின் பெயர், அவன் இருக்கும் முழு முகவரி, அவனோடு பேச உரிமை பெற்ற நீட்சி ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். பயர்பாக்ஸ் இக்கடிதத்தை ஓரடைவிலும், குரோம் வேறோரடைவிலும், குரோமியம் மற்றோரடைவிலும் தேடும். ஒன்றற்கு இட்ட கடிதத்தை மற்றொன்று படிக்காது. வேலிக்குள் இருக்கும் பயர்பாக்ஸோ, இக்கடிதத்தைத் தானே சென்று படிக்க இயலாதாதலின், உபுண்டுவில் அதற்கெனப் பின்னர் ஒரு வாயில் அமைத்தனர். முதன்முறை அவ்வாயிலைக் கடக்கும்போது உலாவி நம் அனுமதியைக் கேட்கும். அப்போது மறுத்துவிட்டு, பின்னர் வருந்துவாரும் உளர்.

நான்காவது, முத்திரை இன்மை. பயர்பாக்ஸ் 2016-இல் வந்த 48-ஆம் பதிப்பு முதல், மொசில்லாவின் முத்திரை பெறாத நீட்சிகளை அதன் பொதுப்பதிப்பு ஏற்பதில்லை. முத்திரை, சான்றிதழைப் பொறுத்தது. சான்றிதழ் காலத்தைப் பொறுத்தது. 2019 மே மாதத் தொடக்கத்தில், இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலங்கடந்தமையால், உலகெங்கும் பயர்பாக்ஸ் நீட்சிகள் ஒருங்கே செயலிழந்தன. அன்று எத்துணைப் பேர் தம் கணினியே பழுதென்று எண்ணி, நல்ல நிலையில் இருந்தவற்றை அழித்துத் திரும்ப நிறுவினரோ! 2025 மார்ச் 14 அன்று மொசில்லாவின் மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாயிற்று. ஆகவே 128-ஆம் பதிப்புக்கு முந்திய பயர்பாக்ஸையும், நெடுங்கால ஆதரவுப் பதிப்பாயின் 115.13-க்கு முந்தியதையும் வைத்திருப்போர் நீட்சிகளை நம்பியிருத்தல் இயலாது. உலாவியைப் புதுப்பித்தலே வழி. கணினியின் கடிகாரம் பிழைபட்டிருப்பினும் இத்தகைய தொல்லை நேரும். உள்மின்கலம் ஓய்ந்துபோன பழைய கணினி, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பல ஆண்டு பின்னே சென்று நிற்கும்; அதன் கண்ணுக்கு இன்றைய சான்றிதழ்கள் இன்னும் பிறவாதவை. திரையின் மூலையிலுள்ள நாளையும் நேரத்தையும் ஒருமுறை நோக்குதல் எத்துணை எளிய செயல்! அதனைச் செய்யாமல் அரைநாள் கழித்தவருள் யாமும் ஒருவரே.

ஐந்தாவது, குரோம் வழிப்பட்ட உலாவிகளில் நீட்சியின் முறையே பழையதாகிவிடுதல். 2024 முதல் குரோம் தன் இரண்டாம் முறை நீட்சிகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டமையின், முன்பு இயங்கிய சில நீட்சிகள் இன்று இயங்கா. இதற்கு நம் கணினியில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. அந்நீட்சியின் புதிய பதிப்பையோ, பயர்பாக்ஸையோ நாடுதலே முறை.

ஆராயும் ஒழுங்கு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஆராய்ச்சிக்கு ஓர் ஒழுங்கு தானே அமைகின்றது. முதலில், வாசகம் யாருடையது என்று அறிக. இரண்டாவது, வேண்டப்படுவது செருகுநிரலா நீட்சியா என்று தெளிக. செருகுநிரலெனின் முயற்சியை அங்கேயே நிறுத்தி மாற்று வழி தேடுக. மூன்றாவது, உலாவியின் பதிப்பையும், அது வேலிக்குள் உள்ளதா வெளியில் உள்ளதா என்பதையும் காண்க. நான்காவது, கடிகாரத்தை நோக்குக. ஐந்தாவது, புதிய தன்விவரம் ஒன்றை உலாவியில் ஆக்கி, அதில் அந்நீட்சி ஒன்றை மட்டும் நிறுவிப் பார்க்க. அங்கே இயங்குமாயின், குறை பழைய தன்விவரத்திலோ பிற நீட்சிகளிலோ உள்ளது. அங்கும் இயங்காதாயின், துணைவனையும் இயங்குதளத்தையும் ஆராய்க. ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டுமே மாற்றி, மாற்றியதைத் தாளிற் குறித்துக்கொள்க. ஒரே முறையில் ஐந்தை மாற்றியவன், இயங்கினும் ஏன் இயங்கிற்றென்று அறியான். இயங்காவிடினும் எதனை மீட்பதென்று அறியான்.

செய்யத்தகாதனவும் சில உள. உலாவியைத் தலைமைப் பயனராக நின்று திறவாதீர். கோப்புகளின் உரிமைகளை யாவர்க்கும் திறந்துவிடாதீர். செருகுநிரல் பொருந்தாமைக்கு எழுதும் உரிமை இன்மை காரணமாதல் இல்லை. பொருள் விளங்காத கட்டளையைக் கடவுச்சொல்லிட்டு இயக்காதீர். அனைத்திற்கும் மேலாக, "உமது பிளாஷ் பழையது, புதியதைப் பெறுக" என்று கூறும் பக்கத்தை நம்பாதீர். அடோபி பிளாஷை வழங்குவதை விட்டபின் அப்பெயரால் வழங்கப்படுவன எவருடையன என்பது வழங்குவார்க்கே வெளிச்சம். மாணவர் இயக்கவிருந்த கட்டளை, வலையிலிருந்து ஏதோவொன்றை இறக்கி, என்னவென்று காட்டாமலே தலைமை உரிமையோடு இயக்குவதாயிருந்தது. அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையும் குறிப்புகளும் அதே கணினியில் இருந்தன.

அலைகள் மீண்டும் அசைந்தன

இனி, அம்மாணவரின் கதையை முடிப்போம். செருகுநிரல் இனி இல்லையென்று துணிந்தபின், வினா மாறிற்று. 'பிளாஷை எவ்வாறு நிறுவுவது?' என்பது போய், 'இப்படங்களை எவ்வாறு காண்பது?' என்பது வந்தது. பின்னதற்கு விடை இருந்தது. ரபிள் என்னும் கட்டற்ற மென்பொருள், பிளாஷின் துணையின்றியே பிளாஷ் கோப்புகளைப் படித்து இயக்குவது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் எண்ணிம நூலகம், 2020 நவம்பர் முதல் பழைய பிளாஷ் ஆக்கங்களைக் காத்து, அதனைக் கொண்டே காட்டி வருகிறது. உலாவிக்கு நீட்சியாகவும், தனித்து இயங்கும் நிரலாகவும் அது கிடைக்கிறது. தகட்டிலுள்ள கோப்புகளுக்குத் தனிநிரலே ஏற்றதென்று, அதனை அதற்குரிய இடத்திலிருந்து பெற்று, படக்கோப்பொன்றைத் திறந்தோம்.

இரண்டு கல் எறிந்த குளம்போல, இரு மையங்களிலிருந்து அலைகள் பரந்து வந்து, ஒன்றையொன்று கடந்து, சில இடத்தில் உயர்ந்தும் சில இடத்தில் மறைந்தும் சென்றன. மூலையில் அவ்வாசிரியரின் கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. நான்கு இரவு அலைந்தவர் இருபது நிமிடத்தில் அதனைக் கண்டார். படங்கள் யாவும் இயங்கின என்று கூறுதற்கில்லை. பிற்காலத்து மூன்றாம் ஆக்சன்ஸ்கிரிப்டில் எழுதிய இரண்டு மட்டும் பாதியில் நின்றுவிட்டன. ஆயினும் வகுப்பிற்கு வேண்டியவை கிடைத்தன. அவர் பேசிய அன்று யாமும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டோம்.

அன்று எமக்குத் தோன்றிய ஒன்றைக் கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம். அவ்வாசிரியர் பிழை செய்தாரல்லர். தம் காலத்திற் சிறந்த கருவியை எடுத்துத் தம் மாணவர்க்காக உழைத்தார். ஆயின், அக்கருவி ஒரு நிறுவனத்தின் கையிற் கிடந்தமையால், நிறுவனம் கைவிட்ட அன்றே அவர் உழைப்பும் ஊமையாயிற்று. எவரும் படித்தறியத்தக்க பொது முறையில் எழுதப்பட்ட அவர் காலத்துப் பக்கங்களோ, இன்றும் எவ்வுலாவியிலும் திறக்கின்றன. இன்று பாடங்களை ஆக்கும் ஆசிரியரும், நாளை ஆக்கவிருக்கும் மாணவரும் இதனை மனத்திற் கொள்வாராக: வேறொருவர் திறந்தாலன்றித் திறவாத பெட்டியுள் உங்கள் கல்வியை வைக்கவேண்டா. உலாவி தானே அறிந்த மொழியில் எழுதுங்கள். மூலத்தையும் உடன் வையுங்கள். பழைய மாணவர்களிடம் இத்தகைய தகடுகள் எங்கேனும் கிடப்பின், அவற்றை எறிந்துவிடாது, தகடு தேய்ந்து படிக்கவியலாமற் போகுமுன் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம். அவற்றுள் இன்னும் எத்தனை அலைகள் அசையக் காத்திருக்கின்றனவோ, யார் அறிவார்!